கொங்குத் தோட்டத்துச் சாளையின் பன்னிரண்டு மாதம்

தோட்டத்துச் சாளை என்பது கொங்கு நாட்டு உழவர் தம் நிலத்துக்குள்ளேயே கட்டி வாழ்ந்த வீடு. காவிரிப் படுகையில் உழவர்கள் ஊருக்குள் தெருவாகக் கூடியிருந்து, காலையில் வயலுக்குப் போய் மாலையில் திரும்புவது வழக்கம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய பழனி, ஒட்டன்சத்திரம் பக்கங்களிலும் நிலைமை வேறு. ஊர் என்று ஒன்று இருக்கும். கோயிலும் சாவடியும் கொஞ்சம் வீடுகளும் அதில் இருக்கும். நிலம் உள்ள குடும்பங்களோ பெரும்பாலும் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் தனித்தனியாகக் குடியிருந்தன. வீட்டுக்கு முன்னால் களம், பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, சற்றுத் தள்ளிச் சோளத்தட்டுப் போர், அதையும் தாண்டிக் கிணறு. இவ்வளவும் சேர்ந்ததுதான் சாளை.

இப்படித் தனித்து வாழ வைத்தது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கொங்குச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. தென்மேற்குப் பருவம் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றைத்தான் அதிகமாக அனுப்பும், மழையைச் சிறிதே அனுப்பும். பவானி, காவிரி, நொய்யல், அமராவதி ஆறுகளின் கரையோரம் தவிர மற்ற இடங்களில் கிணறு வெட்டாமல் உழவு இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் போன்றவை ஆற்றோர ஊர்களுக்கே பயன்பட்டன. கிணற்றில் விடியுமுன் மாடு பூட்ட வேண்டியிருந்ததால் அதன் பக்கத்திலேயே குடியிருப்பதுதான் உழவருக்குத் தோதாக இருந்தது. பட்டியில் கிடந்த ஆடுகளுக்கும் களத்தில் கிடந்த தவசத்துக்கும் இரவுக் காவலும் தேவைப்பட்டது.

நிலத்துக்குக் கொங்கு உழவர்கள் தண்ணீரை வைத்தே பெயரிட்டார்கள். வாய்க்கால் பாய்ந்தால் அது வயல். கிணறு பாய்ந்தால் தோட்டம். மழையை மட்டும் நம்பியிருந்தால் மேட்டுக்காடு, பேச்சில் மேகாடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் வட்டாரங்களில் நான்காவதாக ஒன்றும் உண்டு. அது கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல் தானாக முளைத்துப் படர, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்க, நான்கு பக்கமும் கிளுவை வேலி சூழ்ந்திருக்கும். கிளுவை வறட்சியைத் தாங்கும்; போத்தை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும்; முள் இருப்பதால் வெள்ளாடுகூடப் புகாது. இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் தடத்துக்கு இட்டேரி என்று பெயர். வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். அடியில் கௌதாரியும் காடையும் கீரியும் தங்கும். உழவன் தன் தேவைக்கு அமைத்த வேலி இத்தனை உயிர்களுக்கு இடம் கொடுத்தது கொங்கு வேளாண்மையின் தனிச்சிறப்பு.

இந்தக் கொறங்காடுகளில் வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு மெல்ல வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். பாலுக்காக அல்லாமல் இழுப்புக்காகப் பேணப்பட்ட இனம் இது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர், குறிப்பாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், நல்ல காளைகளைத் தேர்ந்து இனத்தை மேம்படுத்தினார்கள். 1936இல் வெளிவந்த லிட்டில்வுட் என்பவரின் தென்னிந்தியக் கால்நடை நூல் இந்த இனத்தை விரிவாகப் பேசுகிறது.

சாளை வாழ்க்கையின் கடும் உழைப்பு கவலை ஓட்டுவது, அதாவது மாடு கட்டிக் கிணற்று நீரை இறைப்பது. கிணற்று மேட்டில் இரண்டு தூண்களுக்கு நடுவே உருளை. அதன் மேல் வடக்கயிறு. கயிற்றின் முனையில் தோலால் தைத்த பறி. அதன் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட தோல் வால். கிணற்றிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்து இறங்கும் மண்பாதைக்கு வாரி என்று பெயர். மாடுகள் வாரியில் கீழ்நோக்கி இழுத்துப்போக, ஓட்டுபவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பார். பறி மேலே வந்ததும் வால்கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து வாரியில் மேலேற வேண்டும். முன்னால் இழுப்பதைவிடப் பின்னால் ஏறுவதுதான் மாட்டுக்குச் சிரமம். அதற்குப் பழகிய சோடிக்குச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது.

முதல் கோழி கூவும்போது பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைப்பார்கள். மாலையில் மறுபடி பூட்டுவார்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பாத்தி பாத்தியாக மடை மாற்றித் தண்ணீர் கட்ட வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமோ சிறுவரிடமோ வந்து சேர்ந்தது. இருட்டில் வரப்பில் பாம்பு கிடக்கும். ஒரு நாள் முழுதும் இறைத்தாலும் நனைவது சிறு பரப்புதான். அதனாலேயே தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் ராகி, மிளகாய், புகையிலை, பருத்தி என்று வைத்துக்கொண்டு மீதியை மழைக்கு விட்டார்கள். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1800இல் இந்தப் பகுதி வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இப்படி மாடு கட்டி இறைக்கும் கிணறுகளைக் குறித்துவைத்திருக்கிறார். 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரடெரிக் நிக்கல்சனும் இந்த மாவட்ட வேளாண்மையில் கிணற்றுக்கு இருந்த இடத்தை எடுத்துக்காட்டினார்.

ஆண்டின் கணக்குச் சித்திரையில் தொடங்கும். அப்போது கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். கொறங்காடு காய்ந்து பழுப்பேறியிருக்கும். ஆனால் பனை கொடுக்கும் காலம் அது. கொங்கில் தெளுவு என்று சொல்லப்படும் பதநீர் விடியற்காலையில் இறங்கும், நுங்கு வெட்டுவார்கள், பனங்கருப்பட்டி காய்ச்சும் புகை தோட்டந்தோறும் எழும். 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. அது 1948க்குள் மாகாணம் முழுதும் விரிந்தபோது கள்ளிறக்கி வாழ்ந்த பனையேறிக் குடும்பங்களின் வருமானம் குறைந்தது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கும் தெளுவுக்கும்கூட அதிகாரிகளின் கெடுபிடி இருந்தது.

சிறுவர்களுக்குச் சித்திரை என்றால் கிணறுதான். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுவார்கள். மேட்டிலிருந்து குதிப்பது வீரம். சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் பல; வழுக்கிய படிகளும் உண்டு. கிணற்றில் விழுந்து இறந்தவர் கதை இல்லாத ஊர் கொங்கில் அரிது. குடும்பச் சண்டையிலும் கடன் தொல்லையிலும் உயிரை விட்டவர்கள் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் அந்தக் கிணற்றில்தான்.

சித்திரை, வைகாசியில் இடியுடன் கோடை மழை ஒன்றிரண்டு பெய்தால் மேகாட்டை உழுது, செம்மண்ணில் கம்பு விதைப்பார்கள். மழை வருமா என்ற கவலை ஊர் முழுவதையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிவரும். ஈரோட்டில் பங்குனியிலும் கரூரில் வைகாசியிலும் நடக்கும் மாரியம்மன் விழாக்களில் மூன்று கவருள்ள மரக்கிளையைக் கம்பமாக நடுவது முக்கிய நிகழ்ச்சி. மஞ்சள் நீர் ஊற்றி, இரவில் பறை அடித்துக் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். விழா முடிந்ததும் கரூரில் அதை அமராவதி ஆற்றில் விடுவார்கள். அம்மை நோய் கோடையில் பரவிய காலத்தில் இந்த விழா மழைக்கான வேண்டுதலாக மட்டும் இருக்கவில்லை. குழந்தைகள் உயிரோடு மிஞ்ச வேண்டும் என்ற வேண்டுதலாகவும் இருந்தது. காங்கேயத்துக்கு அருகே கண்ணபுரம் மாரியம்மன் கோயிலை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையும் இதே காலத்தது. உழவுக்கு முன் மாடு மாற்றிக்கொள்ள அதுவே வாய்ப்பு.

ஆனி, ஆடியில் காற்று வரும். பாலக்காட்டுக் கணவாயில் நெருங்கி வேகம் பிடித்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வழியாக வீசும் அந்தக் காற்று ஓலைக்கூரையைப் பிரித்துப்போடும். ஈரத்தை உறிஞ்சி இளம்பயிரை வாட்டும். நெல்லும் கம்பும் தூற்றுவதற்கோ அதைவிட நல்ல காற்று கிடைக்காது. இன்று அதே வழியில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன.

ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் வெல்லமும் நிரப்பி, நீண்ட குச்சியில் செருகித் தீயில் வாட்டினால் ஓடு வெடித்து மணம் கிளம்பும். பதினெட்டாம் பெருக்கு வந்தால் புளியமரத்திலும் வேப்பமரத்திலும் தூரி கட்டுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவதும் இந்த நோம்பிக்குத்தான். ஆடியில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலில் கூடும் சந்தைக்கு மாடும் குதிரையும் தொலைவிலிருந்து வரும்.

ஆடிப்பட்டத்தில் சோளமும் நிலக்கடலையும் விதைக்கப்படும். முதல் பெருமழை பெய்த சில நாளில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்த சிவப்புக் கம்பளிப்பூச்சியின் அந்துகள் வெளிவந்து முட்டையிடும். பிறகு புழுக்கள் கூட்டமாக ஒரு காட்டைத் தின்று முடித்து அடுத்த காட்டுக்கு நகரும். காட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டிப் புழுவைத் தடுப்பதும், இரவில் தீ மூட்டி அந்துகளை இழுப்பதும் பழைய வழிகள். ஊரே ஒன்றாகச் செய்தால்தான் பலன் கிடைக்கும். ஒருவர் சோம்பியிருந்தால் அவர் காட்டுப் புழு பக்கத்துக் காட்டையும் அழிக்கும்.

சோளத்துக்கு வேறு ஆபத்துகள் இருந்தன. சுடுமல்லி என்ற களை அதன் வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சும். வெளியே முளைத்துத் தெரிவதற்குள் பயிர் நொந்துவிடும். மழை இடையில் நின்று வாடிய இளஞ்சோளத்தை மாடு மேய்ந்தால் சில மணி நேரத்தில் செத்து விழும். அந்தப் பருவத்துப் பயிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்திருப்பதே காரணம். வேதியியல் பெயர் தெரியாத காலத்திலும் உழவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வாடிய சோளக்காட்டுப் பக்கம் மாட்டை விடமாட்டார்கள். கயிறு அறுத்துக்கொண்டு போன ஒரு மாடு குடும்பத்தின் அவ்வாண்டு உழவையே நிறுத்திவிடும்.

புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் வரும். கொங்கின் பெரிய மழை இதுதான். கிணறு ஊறும், கொறங்காட்டில் புல் முழங்கால் உயரம் எழும், பால் பெருகும். கொள்ளும் தட்டைப்பயறும் விதைப்பார்கள். தீபாவளிக்குக் கச்சாயம் சுடுவார்கள். அன்றாட உணவு கம்மஞ்சோறும் கம்மங்கூழும் ராகிக்களியும் சோளச்சோறும் என்றிருந்த மேகாட்டுக் குடும்பங்களுக்கு நெல்லஞ்சோறு நோம்பி நாளில்தான் கிடைத்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய அரிசிம்பருப்புச் சோறும் அப்படி விசேஷமாக இருந்து பிறகு அன்றாடத்துக்கு வந்ததே.

மழை மிகுந்தால் அதுவும் கேடு. பூக்கும் கம்பில் மழை விழுந்தால் மகரந்தம் கரைந்து மணி பிடிக்காது. தேனொழுகல் நோய் வரும். முற்றிய சோளக்கதிர் நனைந்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். வேரில் நிற்கும் கடலையைப் பிடுங்கத் தாமதித்தால் காய் மண்ணிலேயே முளைவிடும். எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது மாட்டு நோய். வெக்கை, அடைப்பான், சப்பை நோய், கோமாரி என்று வந்தால் கட்டுத்தரை காலியாகும். வெக்கை நோய் அடித்த ஆண்டில் கிணற்றில் தண்ணீர் இருந்தும் இறைக்க மாடில்லாமல் தோட்டம் காய்ந்தது. இந்தியாவில் வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954இல் தொடங்கியது. நாடு 2006இல் அந்த நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. உழவரின் வாழ்க்கையை இவ்வளவு மாற்றிய வெற்றி கால்நடை மருத்துவத்தில் வேறொன்றும் இல்லை.

கார்த்திகை, மார்கழியில் பனி இறங்கும்போது சாளையில் வயிறு நிறையும். அவரைப்பந்தலும் தட்டைக்காயும் காய்த்துத் தள்ளும். இளங்கதிரை நெருப்பில் வாட்டி, கையால் கசக்கி, உமியை ஊதித் தின்பது சிறுவர்களின் பெருமகிழ்ச்சி. ஆனால் அதே கதிருக்குப் பறவைகளும் வரும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பரண் மேல் நின்று, தகரம் தட்டியும் கவண் வீசியும் குருவி ஓட்ட வேண்டும். இது பெரும்பாலும் சிறுவர் வேலை. பள்ளிக்கூடம் போகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மார்கழி முழுதும் வாசலில் சாணிப்பிள்ளையார் பிடித்து, பூசணிப்பூவோ அருகோ செருகிவைப்பார்கள்.

தையில் கொங்குச் சாளையின் பெருவிழா. போகியன்று காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் கட்டுத்தரையிலும் கிணற்றிலும் காட்டின் மூலையிலும் செருகுவார்கள். இவற்றில் எதுவும் விலை கொடுத்து வாங்குவதில்லை. மூன்றும் அந்த மாதத்தில் வேலியோரத்தில் கிடைப்பவை. மாட்டுப்பொங்கலன்று நடப்பது பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்பில் வண்ணம் தீட்டி, புதுக்கயிறு மாற்றுவார்கள். பட்டிக்குள் சாணத்தால் சிறு தெப்பக்குளம் கட்டி, அதில் தண்ணீரும் பாலும் விட்டு, கரும்பு நட்டு, பொங்கல் வைத்துப் படைப்பார்கள். பிறகு மாடு, கன்று, ஆடு எல்லாவற்றுக்கும் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டி, தெப்பத்தை மிதிக்கவிடுவார்கள். பட்டி பெருக வேண்டும் என்று கூவிக்கொண்டே தட்டத்தைக் கொட்டிச் சுற்றிவருவார்கள். காணும் பொங்கல் நாள் பூநோம்பி. பெண்கள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூப் பறித்து வந்து கும்மி கொட்டுவார்கள். காட்டுக்குள் தனித்தனியாக வாழ்ந்த குடும்பங்களின் பெண்களுக்கு ஒருவரை ஒருவர் காணும் வாய்ப்பு அரிது. ஆதலால் இந்த ஒரு நாளுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு பெரிது.

அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வேலை குறையும். திருமணங்கள் நடக்கும். களத்தில் பல இரவுகள் தொடர்ந்து உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவார்கள். பொன்னர், சங்கர் என்ற இரட்டையரின் கதை அது. வளநாட்டுக் காணியும் பஞ்சமும் வேட்டுவரோடு பகையும் நிறைந்த அந்தக் கதையில் கொங்கு உழவர் தம் முன்னோர் வாழ்வைக் கண்டார்கள். காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியாகப் பழனிக்கு நடப்பார்கள்.

கடன்காரர் வருவதும் இந்த மாதங்களில்தான். விளைந்ததில் ஒரு பங்கு வட்டிக்கே போகும். கிணற்றை இன்னும் ஓர் ஆள் ஆழம் வெட்ட வேண்டும் என்றால் பாறை உடைக்கப் பணம் வேண்டும். எத்தனை ஆழத்தில் ஊற்று வரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. கிணறு வெட்டியே காணியை விற்றவர்கள் உண்டு.

இந்த ஆண்டுச் சுற்றில் யாருக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பது சாதியைப் பொறுத்தது. நிலம் பெரும்பாலும் கவுண்டர்களிடம் இருந்தது. ஏர் ஓட்டியதும் கவலை இறைத்ததும் ஆடு மேய்த்ததும் மாதாரிகள் என்று அழைக்கப்பட்ட அருந்ததியர். ஆண்டுக் கணக்கில் பேசிய கூலிக்குத் தவசம் அளந்துகொண்டு, தீபாவளிக்கு வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் இந்த ஏற்பாட்டுக்குப் பண்ணயம் என்று பெயர். நிலக்காரரைப் பண்ணாடி என்றே அவர்கள் கூப்பிட வேண்டும். பறியைத் தைத்ததும் வாலைத் தைத்ததும் செருப்புத் தைத்ததும் அவர்கள்தாம். அவர்கள் தைத்த பறியில்லாமல் ஒரு கிணறும் இறைக்க முடியாது. ஆனால் அதே கிணற்றில் அவர்கள் இறங்கித் தண்ணீர் எடுக்கக் கூடாது. குடிக்கக் கொட்டாங்குச்சியிலும் கையிலும் ஊற்றினார்கள். பெற்றோர் வாங்கிய கடனுக்காகச் சிறு பையன்கள் பட்டியில் ஆட்டோடு படுத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். பெருமாள்முருகனின் கூளமாதாரி நாவல் (2000) இந்தச் சிறுவர்களைப் பற்றியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சாளை வாழ்வின் இன்பங்களை மட்டும் எழுதி இதை விட்டுவிடும் வரலாறு பொய்யானது.

நிலம் உள்ள வீட்டிலும் பெண்ணின் சுமை தனி. மாட்டுச்சாணம் அள்ளுவது, கம்பு குத்துவது, களை வெட்டுவது, பருத்தி எடுப்பது எல்லாம் அவளுடையது. காணியில் உரிமை மட்டும் இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942) தன் பங்கு நிலத்தைக் கேட்ட ஒரு கைம்பெண்ணின் கதை. தமிழகத்தில் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது.

மழை பொய்த்த ஆண்டுகளில் தாது வருடம் மறக்கப்படாதது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுதும் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களில் 1871இல் எண்ணப்பட்டதைவிட 1881இல் மக்கள்தொகை குறைந்திருந்தது. கற்றாழைக் கிழங்கையும் கிடைத்த கீரையையும் தின்று உயிர் பிழைத்த கதைகள் தலைமுறை தாண்டிப் பேசப்பட்டன. பஞ்சத்தைப் பாடிய கும்மிப் பாடல்களைப் புலவர் செ. இராசு தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். அரசு ஆவணங்களில் எண்ணிக்கைகளாக உள்ளவர்கள் அந்தக் கும்மிகளில் மனிதர்களாக இருக்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் சாளையை மாற்றியவை பருத்தியும் மின்சாரமும். 1904, 1905ஆம் ஆண்டுகளில் அறிமுகமான கம்போடியாப் பருத்தி கிணற்றுத் தோட்டத்துக்குப் பொருந்தியது. கையில் பணம் புரண்டது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் தொடங்கி, மின்சாரம் கோவைக்கு வந்ததும் ஆலைகள் பெருகின. கிணறுகளுக்கும் மின்கம்பி வந்தது. 1937இல் கோவையிலேயே மின்மோட்டார் தயாரானது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கவலை படிப்படியாக நின்றது. வாரிகள் மண்மூடின. பறி தைத்தவர்களின் தொழிலும் போனது. 1955இல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தின் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2.07 இலட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. கால்வாயின் கசிவால் சுற்றுப்புறக் கிணறுகளும் ஊறின.

மின்மோட்டார் வந்தபின் உழவரின் கவலை மின்கட்டணமாக மாறியது. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்டத்தில் போராட்டம் எழுந்தது. பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் உழவர்கள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் கோவை நகரத்தை மாட்டுவண்டிகளால் நிறைத்த போராட்டம் நாடு முழுதும் பேசப்பட்டது. உழவுக்கு இலவச மின்சாரம் பின்னர் கிடைத்தது. ஆனால் கட்டணமில்லா மின்சாரமும் ஆழ்குழாய்க் கிணறும் சேர்ந்து நிலத்தடி நீரைக் கீழே இறக்கிவிட்டன. மாட்டை வைத்து இறைத்த காலத்தில் மாட்டின் மூச்சு ஓர் அளவாக இருந்தது. மோட்டாருக்கு அந்த அளவு இல்லை. முன்பு நாற்பது, ஐம்பது அடியில் கிடைத்த தண்ணீருக்கு இன்று பல இடங்களில் ஆயிரம் அடி துளையிடுகிறார்கள்.

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி 1970களின் இறுதியில் தொடங்கி வளர்ந்தபோது பண்ணயத்தில் இருந்தவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. அது அவர்களுக்கு விடுதலை. நிலக்காரர்களும் பலர் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் மாறினார்கள். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. கீழ்ப்புறத் தோட்டங்களில் கிணற்று நீர் உப்பேறித் தென்னையும் பயிரும் கருகின. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. தண்ணீர் இல்லாததும் ஆளில்லாததும் சேர்ந்து தோட்டங்களைத் தென்னைக்கு மாற்றின. அந்தத் தென்னையையும் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ பிடித்தது.

கொறங்காடுகள் காங்கேயம், மூலனூர்ப் பக்கத்தில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. சாலையோரத்தில் உள்ளவை மனைகளாகின்றன; கிளுவை வேலி இருந்த இடத்தில் கல்தூணும் கம்பியும் வருகின்றன. வேலி போனால் இட்டேரியும் அதில் வாழ்ந்த உயிர்களும் போகும். மாட்டுக்கு மேய்ச்சலும் போகும். ஆறு, கிணறு, அணை என்று தண்ணீருக்குப் போராடிய கொங்கு மக்கள், மழையை மட்டும் கொண்டு மாடு வளர்க்கத் தெரிந்த இந்த நிலங்களையும் அதே அக்கறையுடன் காக்க வேண்டும். புதிதாக உழவுக்கு வருபவர்கள் வேலியைப் பிடுங்குமுன் ஒரு கோடையாவது அதை விட்டுப்பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கான கோரிக்கைகளில் மிக நீண்டது அவிநாசி, பெருந்துறை மேகாட்டுக்காரர்களுடையது. பவானியின் உபரி நீரைத் தங்கள் குளங்களுக்குத் திருப்ப வேண்டும் என்று அவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுவந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. நீரை ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.